தெருவும் காரும்

ஆஸ்டின் டவுனில் நான் குடியிருக்கும் தெருவில் பல வீட்டு வாசல்களில் பூந்தொட்டியோ கருங்கல்லோ காவல் நிற்கக் காணலாம். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. "இவ்விடம் எங்கள் காருக்கு உரியது" என்பதே அவற்றின் பொருள். உண்மையில் உரியதுதானா?

தெரு பொதுவிடம், அதன் பொறுப்பு மாநகராட்சியுடையது. (2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாயிற்று, எங்கள் பகுதி மத்திய மாநகராட்சியைச் சேர்ந்தது.) 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, பொதுவிடத்தில் பத்து மணி நேரம் ஆளின்றி விடப்பட்ட வண்டியை அகற்றச் செய்யும் அதிகாரத்தைச் சீருடையிலுள்ள காவலருக்கு அளிக்கிறது. மாலை ஏழு மணிக்கு நிறுத்திக் காலை எட்டு மணிக்கு எடுப்பவர் பதின்மூன்று மணி நேரம் நிறுத்துகிறார்! எழுத்துப் பிசகாமல் சட்டத்தை நடத்தினால் எங்கள் தெரு ஒரே நாளில் வெறிச்சோடிவிடும்.

ஆதலின் இடைவழியொன்று தேடினர். கர்நாடக அரசு 2021இல் ஒப்புதல் அளித்த வண்டி நிறுத்தக் கொள்கையில், குடியிருப்புத் தெருக்களுக்கு ஆண்டு அனுமதிச் சீட்டு என்னும் யோசனை இடம்பெற்றது. சிறிய காருக்கு 1,000 ரூபாய். பெரிய காருக்கு 5,000 ரூபாய். அச்சீட்டு ஒட்டிய காரை எங்கள் தெருவில் நான் இன்னும் கண்டதில்லை.

கட்டணம் மிகுதி என்பாருக்கு ஒரு சிறு கணக்கு. 5,000 ரூபாய் என்பது நாளொன்றுக்குப் பதினான்கு ரூபாய்க்கும் குறைவு. ஒரு கார் நிற்க ஏறத்தாழ 135 சதுர அடி வேண்டும். நானும் நண்பரொருவரும் வாடகை கொடுத்து வாழும் அறையோ பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி! வாடகையைச் சொன்னால் கார்கள் நகைக்கும்.

இன்னொரு கணக்கு நகைப்புக்குரியதன்று. இருபதடித் தெருவில் இருபுறமும் கார் நின்றால் பக்கத்துக்கு ஆறடி போக எஞ்சுவது எட்டடி. தீயணைப்பு வண்டியின் அகலமும் சற்றேறக்குறைய அதுவே. ஆகவே சீட்டுக்கு முன், ஒருபுறம் மட்டுமே நிறுத்தலாம் என்னும் விதி வேண்டும் என்பேன்.

ஜப்பானியர் 1962இலேயே இதற்குச் சட்டம் செய்தனர். அங்கே பெரும்பாலான ஊர்களில், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடமுண்டு என்று காவல்துறையிடம் சான்று பெற்ற பின்னரே கார் வாங்கிப் பதிவு செய்யலாம். நம் ஊரில் கார்கள் முன்னரே வந்துவிட்டன. இடத்தைப் பின்னர்த் தேடுகிறோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எதிர்வீட்டு ஒற்றையறையில் குடியிருப்பவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். கொட்டகை கட்ட அவருக்கு ஓரடி நிலமும் இல்லை. மூன்று கார் வைத்திருக்கும் மாடி வீட்டாருக்கும் அவருக்கும் ஒரே கட்டணமா? சீட்டு அச்சடிக்குமுன் மாநகராட்சி இதற்கு விடை கூறியாக வேண்டும்.