ஈர வைக்கோலில் சிக்கித் திணறும் அறுவடை எந்திரம்! பழைய உருளையைச் சரிசெய்வது எப்படி?

காரைக்கால்-

திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி வட்டாரங்களில் தை மாதம் சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும். அந்த நேரத்தில் மழை பெய்தால் வந்தது வினை! சாய்ந்த பயிரும் ஈர வைக்கோலும் எந்திரத்தின் கதிரடிக்கும் உருளையைச் சுற்றிக்கொள்ளும். வாடகையோ மணிக்கணக்கு. எந்திரம் திணறித் திணறி ஓடினால் நஷ்டம் விவசாயி தலையில்தான்.

அமெரிக்காவில் வந்தது

பயிரை உருளையோடு சுழலவிட்டு மணியைப் பிரிக்கும் எந்திரத்தை, அமெரிக்காவில் நியூ ஹாலந்து கம்பெனி 1975-ம் ஆண்டிலும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1977-ம் ஆண்டிலும் விற்பனைக்குக் கொண்டு வந்தன.

என்ன மாற்றம்?

உருளையின் மேல்மூடிக்குள் சாய்வான தகடுகள் இருக்கும். பயிரைப் பின்னால் தள்ளுவது இவைதான். சாய்வைக் கூட்டினால் வைக்கோல் சீக்கிரம் வெளியேறும். ரொம்பக் கூட்டினால் நெல்லும் சேர்ந்து போய்விடும்!

ஈர நெற்பயிருக்குப் பல் வைத்த உருளை ஏற்றது. தேய்ந்த பல்லை மாற்றும்போது, நேர் எதிரே உள்ள பல்லையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எடை மாறி உருளை உதறும்.

உருளைக்கும் அடிச் சல்லடைக்கும் இடைவெளி குறைந்தால் அடைப்பு ஏற்படும், நெல் உடையும். கூடினால் கதிரிலேயே நெல் தங்கும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி, பின்னால் விழும் வைக்கோலை உதறிப் பார்த்தால் பலன் தெரிந்துவிடும்.

கையை விடாதீங்க!

அடைப்பு எடுக்கும் முன் என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துவிட வேண்டும். உருளை சுற்றி ஓய்ந்த பிறகே கிட்டப் போக வேண்டும். "ஒரு நிமிஷ வேலைதானே" என்று அவசரப்பட்டால், நெல் வீடு வந்து சேரும். விரல் வராது!