வவுனியாவின் பிரதிநிதியான கணிதப் பேராசிரியர்

கணிதம் அமைதியான அறையை நாடுவது. அரசியலோ சந்தியையும் மேடையையும் நாடுவது. ஆயினும் இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொண்டவர்கள் உலக வரலாற்றில் இல்லாமலில்லை. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பால் பான்லவே 1917ஆம் ஆண்டிலும் 1925ஆம் ஆண்டிலும் அந்நாட்டின் பிரதம மந்திரியாக விளங்கினார். அயர்லாந்தின் தலைவர் டி வலேரா அரசியலுக்கு வருமுன் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். இலங்கையில் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பேராசிரியர் செல்லப்பா சுந்தரலிங்கம். அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் வன்னி மக்கள் என்பதால், அவருடைய வாழ்க்கை இப்பகுதியின் வரலாற்றோடும் பிணைந்ததாகும்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த குடும்பத்தில் 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19ஆம் நாள் அவர் பிறந்தார். யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் பயின்றபின், ஒக்ஸ்போர்டில் பல்லியோல் கல்லூரியிற் கணிதம் கற்று முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். சிவில் சேவை அக்காலத்தில் பெற்றோர் கனவு கண்ட உத்தியோகம். அவ்வாயில் திறந்திருந்தும் அதனைத் துறந்து கல்விப் பணியை அவர் மேற்கொண்டார். பௌத்தர்களின் முதன்மையான கலாசாலைகளுள் ஒன்றாகிய கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில், தமிழராகிய அவர் உப அதிபராகக் கடமையாற்றியது குறிப்பிடத்தக்கது. கொழும்பில் 1921ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியரும் அவரே. அவர் அங்கு பேராசிரியராக இருந்த காலத்திற் கற்றவர்களுள் ஒருவரான கிறிஸ்தி ஜெயரத்தினம் எலியேசர், பின்னர் கேம்பிரிட்ஜில் பேரறிஞர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்து புகழ் பெற்றார்.

சுந்தரலிங்கத்தின் கணிதம் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. அன்றைய டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வொரு குழுவும் தெரிந்தெடுக்கும் தலைவரே மந்திரியாவார். 1931ஆம் ஆண்டு மந்திரி சபையில் மலையகத் தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் இடம் பெற்றிருந்தனர். 1936ஆம் ஆண்டிலோ ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே அமைந்தனர். அரசியற் சீர்திருத்தத்தை ஒரே குரலிற் கோருவதற்கு இத்தகைய சபை வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அதற்கான கணக்கைத் தம் நண்பர்களாகிய சிங்களத் தலைவர்களுக்கு வகுத்துக் கொடுத்தவர் சுந்தரலிங்கமே என்று பரவலாகச் சொல்லப்பட்டு வருகிறது.

அக்கணக்கு யாது? இரணைமடு நீரில் வயல் செய்யும் உருத்திரபுரத்துக் கமக்காரர் 58 பேர் ஏழு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு தலைவரைத் தெரிவதாக வைத்துக்கொள்க. அவருள் மேல் வாய்க்காலார் 35 பேர். கீழ் வாய்க்காலார் 23 பேர். விகிதப்படி பார்த்தாற் கீழ் வாய்க்காலாருக்கு மூன்று தலைவர் வரை கிடைத்தல் வேண்டும். ஆனால் மேல் வாய்க்காலார் முன்கூட்டியே பேசி வைத்து, குழுவுக்கு ஐவராகப் பரந்து நின்றால், எஞ்சிய 23 பேரும் குழுவுக்கு மூவர் அல்லது நால்வராகவே அமைவர். எந்தக் குழுவிலும் அவர்களுக்குப் பெரும்பான்மை வராது. ஏழு தலைமைகளும் மேல் வாய்க்காலாருக்கே போய்விடும். எவருடைய வாக்கும் பறிக்கப்படவில்லை; விதி எதுவும் மீறப்படவில்லை. ஆயினும் 23 பேருக்குத் தண்ணீர் திறக்கும் இடத்தில் ஒரு குரல்கூட இல்லாமற் போகிறது.

பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற சுந்தரலிங்கம், 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சை அபேட்சகராக நின்று வெற்றி பெற்றார். முல்லைத்தீவு அக்காலத்திற் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படாமல் வவுனியா மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரி சபையில் அவர் வர்த்தக வாணிப மந்திரியானார். 1948ஆம் ஆண்டில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது அவர் மந்திரியாகவே இருந்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது அவரால் அரசாங்கத்தோடு இணங்கி நிற்க இயலவில்லை. மந்திரிப் பதவியை விட்டு வெளியேறினார். தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மக்கள் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தபோது, பெரும்பான்மைக் கணக்கின் மறுபக்கம் வெளிப்பட்டது.

அதன்பின் அவர் தனித்தே நின்றார். வன்னியின் பழம்பெயராகிய அடங்காப்பற்றை நினைவூட்டுமாறு, தம்மை ‘அடங்காத் தமிழன்’ என்று அழைத்துக்கொண்டார். வவுனியா மக்கள் 1952ஆம், 1956ஆம் ஆண்டுத் தேர்தல்களிலும் அவரையே தெரிவு செய்தனர். 1956ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின், ஓர் எடுகோளை ஏற்றவர் அதன் முடிவையும் ஏற்கவேண்டும் என்னும் கணிதர் போக்கில், தமிழருக்குத் தனி அரசே வழி என்ற முடிவுக்கு வந்தார். 1959ஆம் ஆண்டில் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணியை நிறுவினார். சமஷ்டி கேட்டவர்களோடும் அவர் உடன்படவில்லை. 1960ஆம் ஆண்டிற் தம் தொகுதியை இழந்தார். 1970ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையில் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தை எதிர்த்து நின்று தோல்வியுற்றார். அவர் முன்னரே தனித்து நின்று கூறிய தனியரசுக் கோரிக்கையை, 1976ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் தமிழ்க் கட்சிகளின் கூட்டணி தன் தீர்மானமாக்கியது.

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத ஒரு பகுதியும் உண்டு. 1968ஆம் ஆண்டில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் சென்று வழிபட உரிமை கோரி வாயிலில் நின்றார்கள். அவர்களைத் தடுத்து நின்றோரின் முன்னணியில் முதியவரான சுந்தரலிங்கமும் நின்றார். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பெரும்பான்மை தன் பலத்தாற் சிறுபான்மையின் உரிமையை மறுத்தல் தகாது என்று பாராளுமன்றத்தில் வாதித்தவர், தம் சமூகத்தினுள்ளே அவ்வாதத்தைப் பொருத்திப் பார்க்க மறுத்தார். சமன்பாட்டின் இருபுறமும் ஒரே விதி செல்லவேண்டும் என்பதைத் தம் மாணாக்கருக்குக் கற்பித்தவரிடம் இக்குறை அமைந்தது வருந்தத்தக்கதே.

1985ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய துணிவையும் பதவி துறந்த நேர்மையையும் போற்றுவோர் பலர்; பிடிவாதத்தைக் குறை கூறுவோரும் பலர். இரண்டிற்கும் இடமுண்டு. ஆனால் பாடசாலைகளிற் கணிதம் பயிலும் பிள்ளைகள் அவர் வாழ்க்கையிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. எத்தனை பேர் ஒருபக்கம் நிற்கிறார்கள் என்பதை எண்கள் பிழையின்றிச் சொல்லும். மறுபக்கம் நிற்பவருக்கு உரியது யாது என்பதை மனிதரே சிந்தித்துத் தீர்மானிக்கவேண்டும். மந்திரி சபை அமைப்போருக்கும், கோயில் வாயிலில் நிற்போருக்கும், வாய்க்காலில் நீர் பங்கிடுவோருக்கும் அது பொதுவான கடமையாகும்.