டீசல் லாரியின் எஞ்சின் பிரேக்: பிடி தளர்வது ஏன்?

மலைச்சாலையில் பாரம் ஏற்றிய லாரிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பேரிடர் தருவது. ஏற்றத்தில் வலிமை குன்றினால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் பிடி குன்றினாலோ வண்டி நிற்பதேயில்லை. 20 டன் எடையுள்ள லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அந்த வெப்பம் முழுவதையும் சக்கரப் பிரேக்குகளே தாங்க நேர்ந்தால், டிரம் சூடேறி விரியும், உராய்வு குறையும், மிதித்தாலும் பிடிப்பு இராது.

இந்த உண்மையை உயிருக்கு நேர்ந்த ஆபத்திலே உணர்ந்தவர் கிளெசி கம்மின்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலார். 1931-ஆம் ஆண்டில் அவர் தம் டீசல் எஞ்சின் பொருத்திய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிச் சென்றார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்குகையில் பிரேக்குகள் பயனற்றுப் போயின. எதிரே இருப்புப்பாதையைச் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மனத்தில் விழுந்த வித்து, பல ஆண்டுகள் கழித்து அவர் ஓய்வு பெற்றபின் முளைத்தது. அவர் வகுத்த எஞ்சின் பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது.

டீசல் எஞ்சினுக்கு இத்தகைய தனிக்கருவி வேண்டுவது ஏன்? பெட்ரோல் எஞ்சினில் மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் காற்று நுழையும் வழி குறுகிவிடும். காற்றை இழுக்கப் பிஸ்டன்கள் திணறுவதால் வண்டியின் வேகம் தணியும். டீசல் எஞ்சினில் பொதுவாக அவ்வழி திறந்தே இருக்கும். சிலிண்டரில் காற்றை அழுத்த வலிமை செலவாவது மெய்யே; ஆனால் அழுத்தப்பட்ட காற்று சுருள்வில்லைப் போலப் பிஸ்டனை மீண்டும் கீழே தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். எஞ்சின் பிரேக் செய்வது இதுதான்: பிஸ்டன் மேல் எல்லையை நெருங்கும் வேளையில், எண்ணெய் அழுத்தத்தின் துணையால் வெளிப்போக்கு வால்வைச் சற்றே திறந்து, அழுத்திய காற்றை வெளியேற்றிவிடுகிறது. திருப்பித் தரும் ஆற்றல் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது.

ஆகவே இந்தப் பிரேக்கின் வலிமை சுழற்சி, காற்று, எண்ணெய், வால்வின் இடைவெளி, மின்னிணைப்பு ஆகிய ஐந்தைச் சார்ந்தது. பிடி தளர்ந்தால் கருவியையே பழித்து அதனை மாற்ற விரைவது வீண் செலவு. எளியதிலிருந்து அரியதை நோக்கி ஆராய்வதே முறை.

முதலில் பார்க்கத்தக்கது ஓட்டும் முறை. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் பிரேக்கும் மெலியும். பல எஞ்சின்களில் நிமிடத்திற்கு 2,000 சுழற்சியில் கிடைக்கும் பிடியில் பாதிகூட 1,200 சுழற்சியில் கிடைப்பதில்லை. உயர்ந்த கியரில் இறங்கிக்கொண்டு பிரேக் பழுதென்பது முறையன்று. இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறவேண்டும். ஆயினும் எஞ்சினுக்குக் குறித்த உச்ச வரம்பைக் கடக்கலாகாது.

அடுத்து, அந்த லாரி ஏற்றத்தில் எவ்வாறு செல்கிறது என்று கேட்கவேண்டும். ஏறும்போதும் சோர்வு, கரும்புகை, இறங்கும்போதும் பிடியின்மை என்று இரண்டும் சேர்ந்து காணப்பட்டால் குறை பெரும்பாலும் காற்றிலே உள்ளது. அழுக்கடைந்த காற்று வடிகட்டி, கசியும் ரப்பர்க் குழாய், தேய்ந்த டர்போ ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். சிலிண்டருக்குள் காற்று குறைந்தால் அழுத்துவதற்கே பொருளில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருப்பினும் இதே நிலைதான்.

ஏற்றத்தில் வலிமை குறையாமல் இறக்கத்தில் மட்டும் பிடி தளர்ந்தால், எண்ணெயையும் வால்வையும் நோக்கவேண்டும். எண்ணெயின் அளவு குறைந்தாலும், மிகுந்து நுரைத்தாலும், குளிர்ந்து கெட்டியாக இருந்தாலும் வால்வைத் திறக்கும் சிறு பிஸ்டன் செம்மையாக இயங்காது. எஞ்சின் சூடேறியபின் குறை நீங்குமாயின் அஞ்சவேண்டுவதில்லை.

பிரேக்கிற்கும் வால்வுக்கும் இடையேயுள்ள இடைவெளி மிகுந்தால், வால்வு தாமதித்துச் சிறிதளவே திறக்கும், பிடி மெலியும். இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைப்பதோ இன்னும் தீது. வால்வு பிஸ்டனில் மோதவும் கூடும். எஞ்சினை உருவாக்கியோர் குறித்துள்ள அளவையே, அவர்கள் சொன்ன நிலையில், ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டால் பார்த்து அமைத்தல் வேண்டும். கைப்பழக்கமும் செவியும் இங்கே சான்றாகா.

பிரேக் அறவே இயங்காவிடின் மின்னிணைப்பை ஆராயவேண்டும். கிளச்சை மிதித்தாலோ எரிபொருள் மிதியில் கால் வைத்தாலோ பிரேக் அணையுமாறு சுவிட்சுகள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று பிசகினாலும் மின்காந்த வால்வுக்கு மின்சாரம் எட்டாது. பிரேக்கிற்கு இரண்டு மூன்று படிகள் உள்ள வண்டிகளில் சோதனை எளிது. ஒவ்வொரு படியை ஏற்றும்போதும் பிடி கூடவேண்டும். எந்தப் படியில் கூடவில்லையோ, அந்தப் படிக்குரிய சிலிண்டர்களின் பக்கம் குறை இருக்கிறது என்பது தெளிவு.

வெளிப்போக்குக் குழாயைத் தகட்டால் அடைக்கும் வேறு வகைப் பிரேக்கும் உண்டு. அதில் கரி படிந்து தகடு முழுமையாக மூடாமையும், குழாயின் இணைப்பில் கசிவும் முதலில் ஐயுறத்தக்கவை.

காரணம் அறியாமல் கருவியை மாற்றுவது, நோய் நாடாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். பிடி தளர்ந்ததென்று ஓட்டுநர் சொல்லும் முதல் நாளிலேயே வண்டியை நிறுத்திச் சோதித்தல் வேண்டும். அடுத்த இறக்கம் வரை அதனைத் தள்ளிப்போடலாகாது. கஹோன் கணவாயில் கம்மின்ஸுக்கு வாய்த்த மயிரிழை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.