இழுப்பா, தள்ளலா?

ஆப்பிள் ஏன் விழுகிறது என்பதை நியூட்டன் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் சொன்னது எவ்வளவு விசையோடு விழுகிறது என்ற கணக்கை மட்டும். காரணம் என்ன என்று கேட்டவர்களிடம், தன் பிரின்சிபியா நூலின் 1713-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கைவிரித்துவிட்டார். நடுவில் எதுவுமே இல்லாமல் சூரியன் பூமியைப் பிடித்து இழுக்கிறது என்பது அவருக்கே தொண்டையில் சிக்கிய முள். அது அபத்தம் என்று 1693-இல் பென்ட்லி என்ற பாதிரியாருக்கு எழுதியிருக்கிறார்.

முள்ளை எடுக்க முன்வந்தவர் அவருடைய இளம் நண்பர், ஸ்விட்சர்லாந்துக்காரரான ஃபாட்டியோ. 1690-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் யோசனையை வைத்தார். அடுத்த நூற்றாண்டில் ஜெனீவாவின் லெ சாழ் அதே யோசனைக்கு ஆயுளையே கொடுத்தார். சீட்டுக்கட்டு அட்டைகளின் பின்பக்கத்தில் குறிப்பெழுதும் விசித்திர மனிதர் இவர். அந்த அட்டைகள் ஆயிரக்கணக்கில் ஜெனீவா நூலகத்தில் இருக்கின்றன.

யோசனை இதுதான்: பூமி நம்மை இழுக்கவில்லை, வானம் தள்ளுகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஓயாமல் பாய்கின்றன. தனியாக இருக்கும் பொருளுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அடி, எனவே அசையாது. பக்கத்தில் இன்னொரு பொருள் வந்தால் ஒன்றுக்கொன்று மறைப்பாகிறது. நடுவில் அடி குறைய, வெளிப்பக்க அடி இரண்டையும் நெருக்குகிறது. தூரம் இரட்டித்தால் மறைப்பு கால்வாசியாகும். நியூட்டனின் ஈர்ப்பு விதி சொல்லும் அதே கணக்கு வடிவியலிலிருந்தே தானாக வந்துவிடுகிறது! எடை ஏன் பரப்பைப் பொறுத்தில்லாமல் நிறையைப் பொறுத்திருக்கிறது? பொருள்களுக்குள் பெரும்பகுதி வெற்றிடம், துகள்கள் ஊடுருவிப் போகின்றன, சிலதான் சிக்குகின்றன என்றார் லெ சாழ். அணுவுக்குள் யாரும் எட்டிப்பார்க்காத காலத்தில் சொன்ன பதில் இது. எனக்கு அதில் மரியாதை உண்டு.

ஆனால் ஓடுகிற கோளுக்கு முன்பக்க அடி அதிகமாக விழுமே, சுற்றும் வேகம் குறைந்துகொண்டே வராதா? 1964-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஃபெய்ன்மன் இந்த ஒரு கேள்வியாலேயே கோட்பாட்டைத் தள்ளினார். தப்பிக்க வேண்டுமானால் துகள்களின் வேகத்தைக் கூட்டவேண்டும். கூட்டினால் வேறு வம்பு: சிக்கும் துகள்களின் ஆற்றல் வெப்பமாகும் என்று 1875-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் மடக்கினார். சிக்காமல் முழு வேகத்தில் தெறித்துப்போகட்டும் என்றாலோ, தெறித்தவையே மறைப்பை நிரப்பிவிடும், ஈர்ப்பே மிஞ்சாது. சிக்கினால் எவ்வளவு வெப்பம் வரும் என்று 1908-இல் கணிதவியலாளர் பொன்கரே கணக்குப் போட்டுப் பார்த்தார். பூமியின் வெப்பநிலை ஒவ்வொரு விநாடியும் ஒன்றுக்குப் பின்னால் 26 சைபர் போட்ட அளவு டிகிரி ஏறவேண்டும்!

ஈர்ப்பின் ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று இன்று கிளம்புகிறவர்களில் பலர் இதே மறைப்பைத்தான் வேறு பெயரில் கொண்டுவருகிறார்கள். பொன்கரேயின் அந்த எண்ணுக்கு என்ன பதில் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாக்கிவிட்டார். துகள்களுக்கு வேலை இல்லாமல் போனது. அப்போதும், நடுவில் நிற்கும் பொருள் ஈர்ப்பை மறைக்கிறதா என்று பார்க்க ஒருவர் தராசைத் தூக்கினார். இத்தாலியின் டூரின் நகரில் க்விரீனோ மயோரானா, ஓர் ஈய உருண்டையைச் சுற்றிச் சுமார் 100 கிலோ பாதரசத்தை நிரப்பி எடை பார்த்தார். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக எடை இறங்கியதாக 1919-20 வாக்கில் அறிவித்தார். அவருக்குக் கிடைத்த அந்தக் குறைவு பின்னர் எவராலும் உறுதிப்படுத்தப்படவில்லை.