மகனுக்கு பிளாட்டினம்... அப்பா, அம்மாவுக்கு காலை டிபன் உண்டா? - ஹோட்டல் மெம்பர்ஷிப் கணக்கு

அமெரிக்க விசா நேர்காணலுக்காக எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் கோவையிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார்கள். அண்ணன் டல்லாஸில் இருக்கிறான். கன்சல்டிங் வேலை. வாரத்தில் நான்கு இரவு ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு ஹோட்டலில்தான் தூக்கம். அப்படித் தூங்கித் தூங்கியே ஒரு பெரிய செயின் ஹோட்டலில் பிளாட்டினம் மெம்பர் ஆகிவிட்டான்.

"அப்பா, என் கணக்குலயே ரூம் போட்டிருக்கேன். டிபன் ஃப்ரீ, லவுஞ்ச்ல காபி ஃப்ரீ, சாயங்காலம் 4 மணி வரைக்கும் ரூமை வச்சுக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பெரியம்மா அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டியாகிவிட்டது.

சேரன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்களை ஹோட்டலுக்கு அழைத்துப் போனது நான்தான். ரிசப்ஷனில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், அந்த பெனிஃபிட் எல்லாம் மெம்பர் கூட வந்து தங்கினாதான் சார். நீங்க மட்டும் தங்கினா கிடைக்காது. செக்-இன் மத்தியானம் 2 மணிக்கு சார்."

"பையன் பேர்லதானுங்க புக் பண்ணியிருக்கு" என்றார் பெரியப்பா. அப்போது காலை 7 மணி. அன்று மதியம் 2 மணி வரை லாபியில் உட்கார்ந்திருந்ததில் பெரியம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது.

அந்த இளைஞர் மீது தப்பே இல்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும், சேல்ஸ், ஐ.டி வேலையில் ஊர் ஊராகச் சுற்றுபவர்களின் வீடுகளிலும் இப்போது இந்த 'ஸ்டேட்டஸ்' புழங்குகிறது. அதை நம்பி ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் முன்பு சில விஷயங்கள் தெரிந்திருந்தால் பணமும் மிஞ்சும், காலும் வீங்காது.

ஸ்டேட்டஸ் என்பது என்ன?

மாரியட், ஹில்டன், ஹயாத், அக்கோர், ஐ.ஹெச்.ஜி என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மெம்பர்ஷிப் திட்டம் உண்டு. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. ஒரு வருடத்தில் எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பதை வைத்துப் படிகள் ஏறும். மாரியட்டின் 'பான்வாய்' திட்டத்தில் 10 இரவுக்கு சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம், 75-க்கு டைட்டானியம். ஹயாத்தில் மேல் படியான குளோபலிஸ்ட்டுக்கு 60 இரவு வேண்டும்.

ரூம் வாடகையைக் கம்பெனி கொடுத்தாலும் இரவுக் கணக்கும் பாயின்ட்டும் தங்கியவருக்குத்தான் சேரும். சொந்தக் காசில் ஒரு வருடத்தில் 50 இரவு ஹோட்டலில் தங்கும் குடும்பம் நம் ஊரில் எத்தனை இருக்கும்? ஆக, பிளாட்டினம் என்றாலே பெரும்பாலும் அது வேலைக்காக வெளியூரில் கழித்த இரவுகள்தான்.

மேல் படியில் இருப்பவருக்குக் கிடைப்பது நல்ல சலுகைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாரியட் பிளாட்டினத்துக்கு மாலை 4 மணி வரை செக்-அவுட்டைத் தள்ளிப்போடலாம் (ரிசார்ட், கன்வென்ஷன் ஹோட்டல்களில் மட்டும் 'ரூம் காலியாக இருந்தால்'). இரவு 9 மணிக்கு மேல் ரயில் ஏறுபவர்களுக்கு இது பெரிய வசதி. லவுஞ்ச் இருக்கும் பல பிராண்டுகளில் உள்ளே போகலாம். ஹில்டனில் கோல்டு ஆனாலே அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஹோட்டல்களில் காலை உணவு உண்டு. அதே 'கோல்டு' மாரியட்டில் இருந்தால் காலை உணவு கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு விஷயம், டிபன் எத்தனை பேருக்கு? பெரும்பாலான செயின்களில் மெம்பருக்கும் கூட வரும் ஒருவருக்கும் மட்டும்தான். ஹயாத்தின் குளோபலிஸ்ட் இதில் கொஞ்சம் தாராளம். ஒரே ரூமில் தங்கும் இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் வரை சாப்பிடலாம். மற்ற இடங்களில் நான்கு பேர் குடும்பம் போனால் இரண்டு பேருக்கு பில் வரும். பெரிய ஹோட்டலில் பஃபே பில் என்ன வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மகன் கணக்கில் பெற்றோர் தங்கலாமா?

தங்கலாம். ஆனால் டிபன், லவுஞ்ச், லேட் செக்-அவுட் போன்ற சலுகைகள் மெம்பர் நேரில் தங்கும் ரூமுக்கு மட்டும்தான். அண்ணனே கூட வந்து இரண்டு ரூம் எடுத்தாலும் இரண்டு ரூமுக்குமான பாயின்ட் சேரலாம், ஆனால் சலுகை அவன் ரூமோடு நின்றுவிடும். சில ஹோட்டல்களில் ரிசப்ஷனில் இருப்பவர்கள் மனமிரங்கி ஏதாவது செய்வார்கள். அதை நம்பி வயதானவர்களை அனுப்ப முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஹயாத்தில் இருக்கிறது. 'கெஸ்ட் ஆஃப் ஆனர்' என்ற சலுகையை, நிறைய இரவு தங்கும் மெம்பர்கள் சம்பாதித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் மெம்பர் வராவிட்டாலும் தங்குபவருக்கு டிபன், 4 மணி செக்-அவுட் எல்லாம் குளோபலிஸ்ட்டுக்குப் போலவே நடக்கும். சென்னையில் தேனாம்பேட்டையில் ஹயாத் ரீஜென்சி, கிண்டியில் பார்க் ஹயாத் இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் கணக்கில் அது சும்மா கிடக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மற்றவர்கள் செய்யக்கூடியது, ஸ்டேட்டஸை விட்டுவிட்டு பாயின்ட்டைப் பயன்படுத்துவது. பாயின்ட்டை வைத்து வேறொருவருக்காக ரூம் எடுக்க முடியும். தங்குபவர் பெயராக ஆதார் கார்டில் இருக்கும் அப்பா அல்லது அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். ஹில்டனில் குடும்பத்தினர் பாயின்ட்டை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளக் கட்டணம் இல்லை. மாரியட்டிலும் வருடத்துக்கு 1 லட்சம் பாயின்ட் வரை இன்னொரு மெம்பருக்கு மாற்றிவிடலாம். ரூம் வாடகையே இல்லாமல் போனால், டிபனுக்குக் காசு கொடுப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது.

பாயின்ட் லாபமா, ரொக்கம் லாபமா என்று பார்க்கச் சுலபமான வழி: வரியோடு சேர்த்து வரும் வாடகையை, அதே ரூமுக்குக் கேட்கும் பாயின்ட்டால் வகுங்கள். உதாரணத்துக்கு 9,200 ரூபாய் ரூமுக்கு 12,000 பாயின்ட் என்றால், ஒரு பாயின்ட் சுமார் 77 காசு. அதே ஆப்பில் இரண்டு மூன்று ஹோட்டலுக்கு இப்படிப் போட்டால் எங்கே பாயின்ட்டைச் செலவழிக்கலாம் என்று தெரிந்துவிடும். அக்கோரில் இந்தத் தலைவலி இல்லை. 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ கழிவு, அவ்வளவுதான். எந்த செயினாக இருந்தாலும் நீண்ட நாள் கணக்கைத் தொடாமல் விட்டால் பாயின்ட் காலாவதியாகிவிடும். மாரியட், ஹில்டன், ஹயாத்தில் அந்தக் கெடு 24 மாதம். அக்கோரில் ஒரே வருடம்.

7,500 ரூபாய் என்ற கோடு

இந்தக் கட்டுரைக்காகக் கணக்குப் போட்டபோது எனக்கே ஆச்சர்யமாக இருந்தது இதுதான். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். அதைத் தாண்டினால் 18 சதவிகிதம்.

7,800 ரூபாய் ரூமுக்கு வரியோடு 9,204 ரூபாய் ஆகும். அதே ரூமுக்கு இலவச மெம்பர்களுக்கான விலையில் 5 சதவிகிதம் தள்ளுபடி கிடைத்தால் வாடகை 7,410. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதால் வரி 5 சதவிகிதம்தான். மொத்தம் 7,780 ரூபாய். தள்ளுபடி 390 ரூபாய்தான், ஆனால் மிச்சமாவது 1,400 ரூபாய்க்கு மேல்! இதற்கு பிளாட்டினம் எதுவும் வேண்டாம். ஹோட்டலின் சொந்த ஆப்பில் போன் நம்பரும் இமெயிலும் கொடுத்து மெம்பர் ஆனால் போதும். வரியில்லாமல் 7,600, 7,900 என்று விலை காட்டும் ரூம்களைப் பார்த்தால் மெம்பர் விலையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டிராவல் ஆப்களில் இதைவிட விலை குறைவாக இருக்கும் நாள்களும் உண்டு. அப்போது அங்கேயே எடுங்கள், தப்பில்லை. ஆனால், அப்படி எடுத்தால் பெரும்பாலும் பாயின்ட் சேராது, ஸ்டேட்டஸ் சலுகையையும் உரிமையாகக் கேட்க முடியாது.

முதலில் இடம், பிறகுதான் பிராண்டு

பெரியப்பா விஷயத்தில் அண்ணன் செய்த முதல் தவறு, ஆப்பைத் திறந்து தன் செயின் ஹோட்டல் எது என்று பார்த்தது. வேலை எங்கே என்று பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கத் தூதரகம் இருப்பது அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தின் பக்கத்தில். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. பெரும்பாலும் கைரேகைப் பதிவுக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு இன்னொரு நாள் என்று அலைய வேண்டியிருக்கும். போனை ரூமிலேயே வைத்துவிட்டு நடந்து போய் வரும் தூரத்தில் தங்குவதற்கு ஈடாக எந்த லவுஞ்ச் காபியும் இல்லை.

மேம்பாலத்தை ஒட்டியே பார்க் ஹோட்டல் இருக்கிறது. பழைய ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடம் அது. சற்றுத் தள்ளி நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல், ராதாகிருஷ்ணன் சாலையில் சவேரா. தேனாம்பேட்டை பக்கம் மாரியட்டின் கோர்ட்யார்டு, ஹயாத் ரீஜென்சி. கிண்டியில் எடுத்தாலும் மெட்ரோவில் ஆயிரம் விளக்குக்கு ஆறு ஸ்டேஷன்தான். வண்டி மாற வேண்டியதில்லை. சென்ட்ரலில் இருந்து மூன்று ஸ்டேஷன். இளைஞர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. முட்டிவலி உள்ளவர்களுக்கு ஒவ்வொரு எஸ்கலேட்டரும் ஒரு கணக்கு.

இரண்டாவது தவறு, நேரம். சேரன், பாண்டியன், நெல்லை என எதில் ஏறினாலும் சென்னையில் இறங்கும்போது காலை டிபன் நேரம்கூட ஆகியிருக்காது. நமக்குத் தேவை சீக்கிரம் செக்-இன். செயின்கள் வாக்குக் கொடுப்பதோ தாமதமான செக்-அவுட். சீக்கிரம் ரூம் வேண்டுமென்றால் பெரும்பாலும் 'காலியாக இருந்தால் தருகிறோம்' என்பதுதான் பதில், பிளாட்டினமாகவே இருந்தாலும்!

இந்த இடத்தில் எழும்பூர், திருவல்லிக்கேணி லாட்ஜ்கள் பெரிய செயின்களைத் தோற்கடித்துவிடும். அங்கே பல லாட்ஜ்களில் '24 மணி நேர செக்-அவுட்' உண்டு. காலை 6 மணிக்கு வந்தால் அடுத்த நாள் காலை 6 மணி வரை ரூம் உங்களுடையது. குளித்து, கொஞ்சம் படுத்து, வேலையை முடித்துவிட்டு வந்து தூங்கலாம். வெள்ளை பாத்ரோப் இருக்காது. பாத்ரூம் எப்படி, லிஃப்ட் இருக்கிறதா என்று ரூம் எடுக்கும் முன்பு பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு நாள் வேலைக்காக வருபவர்களுக்கு எந்த மெம்பர்ஷிப்பும் தராத வசதி அது.

துரத்திப் பிடிக்க வேண்டுமா?

டிசம்பர் வந்தால் சிலருக்கு ஒரு காய்ச்சல் வரும். 44 இரவு ஆகிவிட்டது, இன்னும் ஆறு இரவு தங்கினால் பிளாட்டினம். சரி, உள்ளூரிலேயே மலிவாக ஒரு ரூம் போட்டுத் தூங்கிவிட்டு வரலாம் என்று கிளம்புவார்கள். இரவுக்கு 5,000 ரூபாய் என்றாலும் ஆறு இரவுக்கு வரியோடு 31,500 ரூபாய். அடுத்த வருடம் குடும்பத்தோடு சொந்தமாகத் தங்கப்போவது மூன்று இரவு என்றால், ஆளுக்கு 1,000 ரூபாய் டிபன் என்று வைத்தாலும் இரண்டு பேருக்கு மிஞ்சுவது 6,000 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! அடுத்த வருடமும் கம்பெனி செலவில் 40 இரவு தங்கப்போகிறவர் என்றால் கணக்கு மாறும். அவருக்கு அந்த 4 மணி செக்-அவுட்டும் லவுஞ்சும் நிஜமாகவே உடம்புக்கு ஓய்வு.

கிரெடிட் கார்டு வழியாகவும் ஸ்டேட்டஸ் வருகிறது. 2023-ல் வந்த ஹெச்.டி.எஃப்.சி மாரியட் பான்வாய் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் வரியோடு 3,540 ரூபாய். அதில் கிடைப்பது சில்வர். அதை நம்பி ஒரு குடும்பம் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை என்பது என் கருத்து. கார்டோடு தரும், 15,000 பாயின்ட் வரையிலான ஓர் இலவச இரவை உண்மையில் பயன்படுத்தும் திட்டம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கார்டு விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் அன்று வங்கியின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பெரியப்பா, பெரியம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது மூன்று பேரும் அதே ஹோட்டலில் ஒரே ரூமில் எக்ஸ்ட்ரா பெட் போட்டுத் தங்கினார்கள். இந்தத் தடவை பிளாட்டினம் நேரிலேயே இருந்ததால் டிபன் ஃப்ரீ. அண்ணனுக்கும் கூட ஒருவருக்கும்.

மூன்றாவது ஆளுக்கு என்ன விலை என்று பெரியம்மா கேட்டார். சொன்னார்கள். "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு எதிரில் இருந்த டிபன் கடைக்கு நடந்தார். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. பத்து நிமிடத்தில் அண்ணனும் பெரியப்பாவும் அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.