எட்டு விசைகளில் தொட்டியம்

காவிரியின் வடகரையில் இருக்கும் நம் ஊரான தொட்டியத்தின் பெயரைத் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்க எட்டு விசைகள் போதும்: த, ஒ, ட, ட, இ, ய, ம, புள்ளி. 'த'வும் 'ஒ'வும் சேர்ந்து 'தொ' ஆகிறது. 'ட' இரண்டு முறை விழுந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று பள்ளியில் படித்த இலக்கணமேதான் இது. இந்த அமைப்பின் அழகும் அதுதான். பழைய தட்டச்சுப் பொறியிலோ 'தொ' அடிக்கக் கொம்பு, த, கால் என்று மூன்று தட்டு.

விசையை அழுத்தியதும் எழுத்து எப்படித் திரைக்கு வருகிறது? விசைகளுக்கு அடியில் மின்தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தியதும் அந்த இடத்தில் இரண்டு தடங்கள் இணைகின்றன. எந்த இடம் என்பதை உள்ளே இருக்கும் சிறு சில்லு கண்டறிந்து, அதற்குரிய எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. விசைப்பலகைக்குத் தமிழ் தெரியாது. எண்ணைத் தமிழ் எழுத்தாக்குவது மென்பொருள். பிறகு திரையில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் ஒளிர்ந்து எழுத்து தெரிகிறது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு தமிழ்99-ஐத் தர அமைப்பாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. கைபேசியிலும் இது கிடைக்கும். உங்கள் பெயரை அடித்துப் பாருங்கள்.