இயங்குதளம் மாற்றுதல்

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கிணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு லினக்ஸை வெளியிட்டார். அதன் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதனைக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளத்தில் தமிழையும் பயன்படுத்தலாம்.

அன்றாட அலுவலுக்குரிய கணினியை லினக்ஸுக்கு மாற்றுவது வீடு மாறுவதைப் போன்றது. பொருள்களை மூட்டை கட்டாமல் எவரும் வீடு மாறுவதில்லை. அவ்வாறே, கோப்புகளை முதலில் வேறொரு வன்தட்டில் படியெடுத்தல் வேண்டும். படியெடுக்காமல் கணினியின் வட்டை அழித்துவிட்டால் அவற்றை மீட்பது அரிது.

அடுத்து, லினக்ஸை பென் டிரைவிலிருந்தே இயக்கி, ஒலி, இணையம், அச்சுப்பொறி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். எம்.எஸ். ஆபீஸ் லினக்ஸில் நேரடியாக இயங்காது. எனினும் அதில் எழுதிய ஆவணங்களை லிப்ரே ஆபீஸில் திறக்கலாம். சோதனை நிறைவளித்த பின்னரே கணினியில் நிறுவுதல் தக்கது.